ஈலி தேவாலயத்தில் மாலரின் இரண்டாம் சிம்பொனி: பெர்ன்ஸ்டைன் படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இது என்ன படம்? யார் வாசிக்கிறார்கள்?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷர் பகுதியில் ஈலி என்று ஒரு சின்ன ஊர். அங்குள்ள பெரிய தேவாலயத்தில் 1973 செப்டம்பரில் எடுத்த இசை நிகழ்ச்சிப் படம் இது. குஸ்தாவ் மாலர் என்ற இசையமைப்பாளரின் இரண்டாம் சிம்பொனி (பெரிய வாத்தியக் குழுவுக்காக எழுதிய நீண்ட இசைப்படைப்பு) முதலிலிருந்து முடிவு வரை இதில் இருக்கிறது. குழுவை நடத்துபவர் அமெரிக்கரான லெனார்ட் பெர்ன்ஸ்டைன். வாசிப்பது லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, சேர்ந்து பாடும் கோரஸ் எடின்பரோ ஃபெஸ்டிவல் கோரஸ். தனியாகப் பாடுபவர்கள் சோப்ரானோ (பெண்களின் உச்சக் குரல்) ஷீலா ஆம்ஸ்ட்ராங்கும் மெஸ்ஸோ சோப்ரானோ (அதைவிடச் சற்றுத் தாழ்ந்த குரல்) ஜேனட் பேக்கரும். படத்தை இயக்கியவர் ஹம்ஃப்ரி பர்ட்டன்.

சிம்பொனிப் படங்களில் ஒன்றே ஒன்றுதான் பார்ப்பேன் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சிம்பொனி எதைப் பற்றியது?

சாவைப் பற்றியும், அதற்கு அப்புறம் என்ன என்பதைப் பற்றியும். 'உயிர்த்தெழுதல்' என்ற பெயரில்தான் உலகம் முழுக்க இதை அறிவார்கள்.

மாலர் பொஹீமியாவில் 1860இல் பிறந்தவர், 1911இல் வியன்னாவில் இறந்தார். வருடம் முழுக்க ஓபரா அரங்குகளில் இசை நடத்துவதுதான் அவருக்குச் சோறு போட்ட வேலை. சொந்த இசையைக் கோடை விடுமுறையில்தான் எழுதுவார். இந்த சிம்பொனியின் முதல் பகுதியை 1888இலேயே முடித்துவிட்டார். ஒரு வீரனின் சவ அடக்கம் என்பது அப்போதைய எண்ணம். அதைப் பியானோவில் வாசித்து, அந்தக் காலத்தின் பெரிய இசை நடத்துநரான ஹான்ஸ் ஃபான் பியூலோவுக்குக் காட்டினார். பியூலோ காதைப் பொத்திக்கொண்டார். அன்றைக்குப் புரட்சியாக இருந்த வாக்னரின் 'டிரிஸ்டன்' ஓபராவே இதோடு வைத்துப் பார்த்தால் பழைய காலத்து ஹேடனின் சிம்பொனி போல இருக்கிறது என்றும் சொன்னார். பாராட்டாக அல்ல.

மாலர் எழுதுவதை நிறுத்தவில்லை. நடுப் பகுதிகள் 1893 கோடையில் வந்துவிட்டன. ஆனால் முடிவு வரவில்லை. கோரஸ் வேண்டும் என்று தெரிகிறது, எந்த வரிகள் என்று தெரியவில்லை. கோரஸோடு முடியும் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியைப் பார்த்துச் செய்ததாகச் சொல்லிவிடுவார்களோ என்ற தயக்கமும் இருந்தது. 1894இல் பியூலோ இறந்துபோனார். மார்ச் மாதம் ஹாம்பர்க் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு. குளோப்ஸ்டாக் என்ற 18ஆம் நூற்றாண்டுக் கவிஞரின் 'நீ மீண்டும் எழுவாய்' என்ற துதிப்பாடல் அங்கே ஒலித்தது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மாலருக்கு அந்தக் கணமே முடிவு கிடைத்துவிட்டது. தன் இசையைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்ட மனிதரின் சாவுதான் அந்த இசைக்கு முடிவைக் கொடுத்தது. இசை வரலாற்றில் என்னை இந்த அளவுக்கு உலுக்கிய சம்பவம் வேறில்லை.

முழு சிம்பொனியும் முதலில் அரங்கேறியது 1895 டிசம்பர் 13, பெர்லினில். நடத்தியவர் மாலரே. அந்த நிகழ்ச்சிக்கு ஹாம்பர்க் நண்பர்கள் இருவர் பணம் கொடுத்து உதவினார்கள்.

இது ரொமான்டிக் காலத்து இசையா?

ஆமாம், அந்தக் காலத்தின் கடைசிக் கட்டம். தனி மனிதனின் பயம், காதல், கேள்வி எல்லாம் சிம்பொனிக்குள் வரலாம் என்று நம்பிய நூற்றாண்டு அது. மாலர் அந்த நம்பிக்கையை அது தாங்கும் கடைசி எல்லை வரை கொண்டுபோனார்.

ஒன்றரை மணி நேரம்! புதிதாகக் கேட்பவர் தாக்குப்பிடிக்க முடியுமா?

முடியும். எங்கே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் போதும். மொத்தம் ஐந்து பகுதிகள்.

முதல் பகுதி சுமார் 20 நிமிடத்துக்கு மேல் போகும். வயலின்களும் வயோலாக்களும் ஒரே சுரத்தை நடுக்கத்தோடு பிடித்துக்கொண்டிருக்க, அடியிலிருந்து செல்லோவும் டபுள் பேஸும் சீறிக்கொண்டு பாயும். அந்த முதல் அரை நிமிடத்தைப் படத்தில் பாருங்கள். நாற்பது, ஐம்பது வில்கள் சேர்ந்து நடுங்குவது கண்ணுக்குத் தெரியும்போது, காதுக்கு வெறும் இரைச்சலாகத் தோன்றியது சட்டென்று புரிய ஆரம்பிக்கிறது. இது முடிந்ததும் குறைந்தது 5 நிமிடம் இடைவெளி விட வேண்டும் என்று மாலர் இசைத்தாளிலேயே எழுதியிருக்கிறார். நேரில் வாசிக்கும்போது பலர் அவ்வளவு நேரம் விடுவதில்லை. வீட்டில் பார்க்கும் உங்களுக்கு அந்த வசதி இருக்கிறது. நிறுத்துங்கள், ஒரு காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். போனை மட்டும் எடுக்க வேண்டாம்.

இரண்டாம் பகுதி மென்மையான கிராமிய நடனம், இறந்தவரின் சந்தோஷ நாட்களின் நினைவு. இதற்கு விளக்கம் தேவையில்லை.

மூன்றாவது, டிம்பனி என்ற பெரிய முரசின் இரண்டு அடிகளோடு திடுக்கென்று தொடங்கும். மாலர் ஏற்கெனவே எழுதிய ஒரு பாட்டின் மெட்டுதான் இதற்கு அடிப்படை. புனித அந்தோணியார் மீன்களுக்குப் பிரசங்கம் செய்கிறார், மீன்கள் வாயைத் திறந்து ரசித்துக் கேட்கின்றன, முடிந்ததும் பழையபடியே போய்விடுகின்றன. அந்த ஓயாத நீச்சல்தான் இசையில் சுழன்றுகொண்டே இருக்கிறது. தாளவாத்தியக்காரர்கள் பக்கம் கேமரா போகும்போது கவனியுங்கள். பெரிய டிரம்மை ஒரு குச்சிக்கட்டால் தட்டும் ஓசை இந்தப் பகுதியில் வரும். எலும்பு உரசுவது மாதிரி இருக்கும்.

நான்காவது ஒரே ஒரு பாட்டு, ஐந்து நிமிடம்தான். ஜேனட் பேக்கர் பாடுகிறார். 'மனிதன் பெரும் துன்பத்தில் கிடக்கிறான், நான் சொர்க்கத்தில் இருந்தால் தேவலை' என்று குழந்தை பேசுவதுபோன்ற நாட்டுப்புற வரிகள். தேவதை ஒன்று வழிமறித்துத் திருப்பி அனுப்பப் பார்க்கிறது, பாடும் ஆத்மா மறுக்கிறது. பேக்கர் எதையும் நடித்துக் காட்டுவதில்லை. நின்ற இடத்தில் நின்று, சொல்லை நம்பிப் பாடுகிறார். ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஐந்து நிமிடம் இதுதான்.

அது அடங்குவதற்குள் ஐந்தாவது வெடித்துக்கொண்டு வந்துவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் போகும் இந்தப் பகுதியைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இதை ஏன் தேவாலயத்தில் எடுத்தார்கள்?

பொருளுக்கு இடம் பொருந்துகிறது என்பது ஒரு காரணம். ஈலி தேவாலயம் 1083இல் கட்டத் தொடங்கியது. 1322இல் அதன் நடுக் கோபுரம் இடிந்து விழுந்தது. விழுந்ததைப் பழையபடி தூக்கி நிறுத்தாமல், அந்த இடத்தில் எண்கோண வடிவில் விரிந்த ஒரு வெளியையும் மேலே மரத்தாலான விளக்குக் கூண்டு போன்ற கோபுரத்தையும் கட்டினார்கள். வெளிச்சம் அதன் வழியாக உள்ளே இறங்கும். சுற்றிலும் தாழ்ந்த சதுப்பு நிலம் என்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் கப்பல் நிற்பதுபோல் தெரியும். 'சதுப்பு நிலத்தின் கப்பல்' என்றே அதற்குப் பெயர். இடிந்த இடத்திலிருந்து எழுந்த கட்டடத்துக்குள் இந்த சிம்பொனி.

ஒலிக்கு அது சிக்கலான இடம்தான். கல் சுவர்களில் சத்தம் மோதி மோதித் தங்கும். வேகமான இடங்களில் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதை நீங்களே கேட்பீர்கள். சுத்தமான ஒலிப்பதிவு மட்டும் வேண்டும் என்பவர்கள் இந்தப் படத்தைக் குறை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடைசியில் ஆர்கனும் மணிகளும் சேரும்போது, அந்தக் கட்டடம் பதில் சொல்வது எந்த அரங்கத்திலும் கிடைக்காது.

கோரஸ் ஏன் அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது?

மாலர் அவர்களை ஒரு மணி நேரத்துக்கு மேல் காக்க வைக்கிறார். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருப்பது நமக்குத் தெரிகிறது, ஆனால் வாயைத் திறப்பதில்லை. அப்புறம் ஐந்தாம் பகுதியின் நடுவில், புயல் மாதிரி எல்லாம் வந்து ஓய்ந்த பிறகு, வாத்தியத் துணை இல்லாமல் 'நீ எழுவாய், ஆம், எழுவாய்' என்று தொடங்குகிறார்கள். பெரிய கோரஸ் என்றால் பெரிய சத்தத்தோடு வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். இங்கே மூச்சு விடும் அளவுக்குத்தான் சத்தம். எந்த இடத்தில் ஆரம்பித்தார்கள் என்று சொல்ல முடியாதபடி வர வேண்டும் என்பது கணக்கு.

இதில் கவனிக்க ஒரு விஷயம் உண்டு. அடித்தொண்டையில் பாடும் ஆண்களுக்கு மாலர் மிக மிகத் தாழ்ந்த ஒரு சுரத்தைக் கொடுத்திருக்கிறார். அதை எட்ட முடியாதவர்கள் ஒரு ஸ்தாயி மேலே எடுத்துப் பாடிவிடக் கூடாது என்று குறிப்பும் எழுதி வைத்தார். அந்தச் சுரம் காதில் விழுவது முக்கியமில்லை, மேலே போய்விடாமல் இருப்பதுதான் முக்கியம் என்கிறது குறிப்பு. நல்ல ஹெட்போனில் கேட்டால் குரல்களுக்கு அடியில் தரை மாதிரி ஒன்று இருப்பது தெரியும்.

கொஞ்ச நேரத்தில் ஷீலா ஆம்ஸ்ட்ராங்கின் குரல் அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து தனியாகப் பிரிந்து மேலே ஏறும். அவர் எப்போது தொடங்கினார் என்று முதல் முறை கேட்கும்போது பிடிபடாது. இரண்டாம் முறை அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். படம் என்பதால்தான் இது முடிகிறது.

எங்கோ தூரத்திலிருந்து டிரம்பெட் கேட்கிறதே, வாசிப்பவர் ஏன் தெரிவதில்லை?

தெரியக் கூடாது என்பதற்காகவே மாலர் அப்படி வைத்தார். ஐந்தாம் பகுதிக்கென்று ஒரு தனிக் குழுவே மேடைக்கு வெளியே நின்று வாசிக்கும். நான்கு ஹார்ன்கள், டிரம்பெட்டுகள், டிம்பனி, மற்ற தாளக்கருவிகள். கோரஸ் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு கட்டம் வரும். மேடையில் எல்லாம் நின்றுபோயிருக்கும். தூரத்து ஹார்ன், வெவ்வேறு திசைகளிலிருந்து டிரம்பெட்டுகள், அவற்றுக்கு நடுவே புல்லாங்குழலும் பிக்கலோ என்ற சின்னப் புல்லாங்குழலும் பறவை கூவுவதுபோல் பதில் சொல்லும். பூமியில் மிஞ்சிய கடைசி உயிர் அந்தப் பறவை என்பதே மாலர் சொன்ன விளக்கம். இறுதித் தீர்ப்புக்கு எல்லோரையும் எழுப்பும் அழைப்பு அந்த டிரம்பெட்.

நிகழ்ச்சியைப் படம் எடுப்பவர்களுக்கு இதைவிடக் கடினமான இடம் கிடையாது. சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே கேமராவைத் திருப்புவது அவர்கள் பழக்கம். இங்கே அப்படித் திருப்பி, ஒதுக்குப்புறத்தில் நிற்கும் நான்கு பேரைக் காட்டினால் எல்லாம் கெட்டுப்போகும். காட்டாமல் விடுவதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். எந்தப் பதிவைப் பார்த்தாலும் இந்த இடத்தில் இயக்குநர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அவர் இசைத்தாளை எவ்வளவு ஆழமாகப் படித்தவர் என்று தெரிந்துவிடும்.

எந்த நேரத்தில் யாரைக் காட்டுவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

இசைத்தாளை வைத்துத்தான். ஓபோ தொடங்கும் இடத்துக்கு ஒரு நொடி முன்னால் கேமரா ஓபோவில் இருக்க வேண்டும், தொடங்கிய பின் தேடிப் போகக் கூடாது. அதனால் ஒவ்வொரு ஷாட்டையும் சுரவரிகளை எண்ணித் திட்டமிடுவார்கள். இசைத்தாள் படிக்கத் தெரியாதவர் இந்த வேலைக்கு வர முடியாது. பர்ட்டன் பிபிசியில் இசை, கலைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். பெர்ன்ஸ்டைனோடு பல வருடம் சேர்ந்து வேலை பார்த்து, பின்னாளில் அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். பெர்ன்ஸ்டைன் இப்போது என்ன செய்யப் போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்த கண் அது.

இந்தப் படத்தைத் தயாரித்த யூனிடெல் நிறுவனம் அந்தக் காலத்தில் இந்த நிகழ்ச்சிகளை வீடியோ டேப்பில் எடுக்காமல் சினிமாச் சுருளில் எடுத்தது. செலவும் சிரமமும் அதிகம். 35 மி.மீ. சுருள் 1000 அடி என்றால் சுமார் 11 நிமிடம்தான் ஓடும், முதல் பகுதிக்கே ஒரு கேமராவுக்கு இரண்டு சுருளுக்கு மேல் வேண்டும். ஆனால் அந்தச் சிரமத்தின் பலனை இன்றைக்கு நாம் அனுபவிக்கிறோம். அதே காலத்து டிவி பதிவுகள் பல மங்கிப் போயிருக்க, இந்தப் படங்களின் நிறமும் நிழலும் இன்னும் நிற்கின்றன.

பெர்ன்ஸ்டைன் இப்படித் துள்ள வேண்டுமா?

இது எல்லோரும் கேட்பது. வியர்வை ஓடுகிறது, முகம் அழுகிறது, சிரிக்கிறது, கோரஸோடு சேர்ந்து உதடுகள் ஒவ்வொரு சொல்லையும் சொல்கின்றன, உச்சத்தில் கால் தரையை விட்டு எழும்புகிறது. வெறும் காட்சிக்காகச் செய்கிறார் என்று அவர் இருந்த காலத்திலேயே பலர் எழுதினார்கள்.

அவருடைய கையை மட்டும் பத்து நிமிடம் பார்த்தால் வேறு விஷயம் தெரியும். கை எப்போதும் சத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் போகிறது. அவர் காட்டுவது ஒலித்துக்கொண்டிருக்கும் இசையை அல்ல, வரப்போகும் இசையை. எவ்வளவு பெரியது வரப்போகிறது, எவ்வளவு மெதுவாக, எந்த நிறத்தில் என்று முகமும் தோளும் சேர்ந்து சொல்கின்றன. வாசிப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கும் அந்த ஒரு கணத்தில் அது அவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. அரங்கத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தால் நமக்குக் கிடைப்பது நடத்துநரின் முதுகுதான். வாசிப்பவர்கள் மட்டுமே பார்க்கும் முகத்தை நமக்குக் காட்டியது கேமரா. சிம்பொனி எப்படி உண்டாகிறது என்பதை ஒரு படத்தால் கற்றுக்கொள்ள முடியும் என்றால் அது இந்த முகத்திலிருந்துதான். கேமரா சில இடங்களில் அவரை விட்டு நகர மறுக்கிறது, மரக்குழல் வாத்தியக்காரர்களை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம் என்று எனக்கும் தோன்றும். இருந்தாலும் வேறு யார் முகத்துக்காகவும் இந்த முகத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த சிம்பொனிக்கும் அவருக்கும் உள்ள உறவும் சாதாரணமானது அல்ல. அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்ட இரண்டாம் நாள், 1963 நவம்பர் 24 அன்று, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு தொலைக்காட்சியில் இதைத்தான் நடத்தினார். மறுநாள் பேசும்போது, வன்முறைக்கு எங்கள் பதில் முன்னைவிடத் தீவிரமாக, அழகாக, அர்ப்பணிப்போடு இசைப்பதுதான் என்றார். 1967 அரபு-இஸ்ரேல் போருக்குப் பின் ஜெருசலேமின் ஸ்கோபஸ் மலையிலும் இதிலிருந்து வாசித்தார். ஈலிக்கு வந்தபோது அவருக்கு 55 வயது. இந்த இசையோடு அத்தனை வருடம் வாழ்ந்துவிட்டுத்தான் வந்தார்.

'மேஸ்ட்ரோ' படத்தில் வரும் காட்சி இதுதானா?

இதேதான். பெர்ன்ஸ்டைனின் வாழ்க்கையை வைத்து பிராட்லி கூப்பர் இயக்கி நடித்த 2023 படம் அது. அதே ஈலி தேவாலயத்தில், அதே லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்து, கடைசிச் சில நிமிடங்களைத் திரும்ப உருவாக்கினார்கள். கூப்பருக்கு நடத்தக் கற்றுக்கொடுத்தவர் கனடிய இசை நடத்துநர் யானிக் நெசே செகாங். அந்தக் காட்சி பிடித்து அசலைத் தேடி வருகிறவர்கள் நிறைய. ஒன்று சொல்கிறேன், அசலிலும் நேராகக் கடைசி ஆறு நிமிடத்துக்குப் போய்விடாதீர்கள். அந்த ஆறு நிமிடத்துக்குப் பலம் கொடுப்பது முன்னால் இருக்கும் எண்பது நிமிடம்.

ஜெர்மன் தெரியாதே?

பாட்டு வருவது நான்காம் பகுதியிலும் ஐந்தாம் பகுதியின் பின்பாதியிலும் மட்டும்தான். டிவிடியில் சப்டைட்டில் உண்டு. நான்காம் பகுதியில் வருவது நாட்டுப்புற வரிகள். ஐந்தாம் பகுதியில் முதல் இரண்டு பத்திகள் குளோப்ஸ்டாக்கினுடையவை, மற்றதெல்லாம் மாலரே எழுதியது. 'நம்பு என் நெஞ்சே, நீ எதையும் இழக்கவில்லை' என்று தொடங்கும் இடமும், 'வாழ்வதற்காகவே சாவேன்' என்ற வரியும் தெரிந்திருந்தால் போதும்.

கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர்களுக்கான இசையா?

அப்படி இல்லை. மாலர் பிறப்பால் யூதர். கத்தோலிக்கராக மாறியது 1897இல், அதாவது இதை முடித்து மூன்று வருடம் கழித்து. தீர்ப்பு நாளின் அத்தனை பயங்கரத்தையும் இசையில் கொண்டுவந்துவிட்டு, கடைசியில் அவர் தீர்ப்பையே எடுத்துவிடுகிறார். பாவியும் இல்லை, புண்ணியவானும் இல்லை, தண்டனையும் இல்லை, பரிசும் இல்லை, எல்லோரையும் தழுவும் அன்பு ஒன்றுதான் என்று 1901இல் எழுதிய விளக்கத்தில் சொல்கிறார். எந்த நம்பிக்கை உள்ளவரும், எதுவும் இல்லாதவரும் இதற்குள் வரலாம்.

எதில் பார்ப்பது நல்லது?

திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, டிவியின் சொந்த ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். மெல்லிய இடங்கள் காணாமல் போகும், அதற்காகச் சத்தத்தைக் கூட்டினால் உச்ச இடங்களில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஹெட்போன் போதும். கோரஸ் வரும் இடத்தில் சத்தத்தைக் கூட்டாதீர்கள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும் என்பதற்காகவே அது அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

இதற்கு அப்புறம் எதைப் பார்க்கலாம்?

இதே சிம்பொனியை இத்தாலிய நடத்துநர் கிளாடியோ அப்பாடோ 2003 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் விழாவில் நடத்திய படம். வயிற்றுப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்து மீண்டு வந்தவர் அவர். உலகின் சிறந்த வாத்தியக்காரர்கள் அவருக்காகக் கூடி ஒரு புது ஆர்கெஸ்ட்ராவாக உட்கார்ந்திருந்தார்கள். ஒலி கண்ணாடி மாதிரித் தெளிவு. பெர்ன்ஸ்டைன் இழுத்து நிறுத்தும் இடங்களை அப்பாடோ ஓட விடுகிறார், கை அசைவதே கொஞ்சம்தான், ஆனால் ஒருவர்கூட அவரை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. இரண்டையும் பார்த்தவர்கள் எது மேல் என்று சண்டை போடுவார்கள். நான் ஈலி பக்கம். ஆனால் மூன்றாம் பகுதியை மட்டும் லூசெர்னில் கேளுங்கள். அந்த மீன்கள் அங்கேதான் சரியாக நீந்துகின்றன.